அத்தியாயம் 7: விளையாட்டு மன்றத்துக்கு ஓர் இரும்புச் சாமான் அறை

கபடி மேட் ஊராட்சி அலுவலகத்தில், வாலிபால் கம்பம் ஒருவர் வீட்டு மாட்டுக்கொட்டகையில், கிரிக்கெட் கிட் கேப்டனின் கட்டிலுக்கு அடியில். பெரும்பாலான ஊர்க் குழுக்களின் நிலை இதுதான். 2024 முதல் கிராம ஊராட்சிகளுக்கு அரசு வழங்கிய உபகரணத் தொகுப்பும் சேர்ந்தபிறகு, பொருளை வாங்குவதைவிட வைக்க இடம் தேடுவது பெரிய வேலையாகிவிட்டது. மைதான ஓரத்தில் 18 அடி நீளம், 12 அடி அகலத்தில் ஓர் இரும்பு அறை இருந்தால் இந்தச் சிக்கல் தீரும்.

மண்வேலை, கான்கிரீட், பெயின்ட், தண்ணீர் ஊற்றுவது ஆகியவற்றை மன்றத்துப் பிள்ளைகளே செய்துவிடலாம். வெல்டிங், கூரைமேல் வேலை, மின் இணைப்பு மூன்றையும் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள். அளவுகளைக் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். அந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள்.

முதலில் சாமான் கணக்கு

அறை எவ்வளவு பெரிது என்பதை நன்கொடைத் தொகையை வைத்து முடிவு செய்யாமல், உள்ளே போகும் பொருள்களை வைத்து முடிவு செய்யுங்கள்.

- கபடி மேட்: ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு மீட்டர் சதுரத் துண்டுகள் என்றால் 130 வேண்டும். 25 மி.மீ. தடிமன் உள்ளவற்றை 33 வீதம் அடுக்கினால் இடுப்பளவு உயரத்தில் 4 அடுக்கு வரும். தரையில் 43 சதுர அடி இதற்கே போய்விடும்.
- கிரிக்கெட் பாய்: ஆடுகளத்தின் நீளம் 22 கெஜம், அதாவது 66 அடி. 8 அடி அகலத் தேங்காய் நார்ப் பாயைச் சுருட்டினால் 8 அடி நீள உருளை. நாலு பேர் பிடித்துத் திருப்ப இடம் வேண்டும்.
- வாலிபால் கம்பம்: 2.55 மீட்டர். ஆண்கள் ஈட்டி: 2.6 முதல் 2.7 மீட்டர். இரண்டையும் சுவரோரம் படுக்கவைக்கலாம்.
- கால்பந்து கோல் கம்பம்: 7.32 மீட்டர் அகலம் உள்ளதை உள்ளே வைக்க நினைக்க வேண்டாம். மைதானத்திலேயே சங்கிலி போட்டுக் கட்டுங்கள்.

நடுவில் ஆள் நடக்க 3 அடி விட்டால், 18 × 12 அடி அறை இரண்டு மூன்று விளையாட்டுகள் உள்ள மன்றத்துக்குப் போதும்.

இடமும் அனுமதியும்

1. நிலம் யாருடையது என்று பாருங்கள். ஊராட்சி நிலமோ பள்ளி மைதானமோ என்றால் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கில் கட்டாதீர்கள். பிறகு இடிக்க நேரும்.
2. கிராம சபையில் தீர்மானம் போட்டுக்கொள்வது நல்லது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் சபை கூடும்.
3. கட்டட அனுமதி பற்றி உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இதற்குப் பொருந்தும்.
4. வரவு செலவு மன்றத்தின் பெயரில் நடக்கட்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்கீழ் மன்றத்தைப் பதிவு செய்து வங்கிக் கணக்கு தொடங்கியிருந்தால் நன்கொடை கேட்பதும் எளிது.
5. தலைக்கு மேல் மின்கம்பி போகும் இடம் வேண்டவே வேண்டாம். மழைநீர் தேங்கும் பள்ளமும் எல்லைக்கோட்டுக்கு மிக அருகில் உள்ள இடமும் ஆகாது.

குறிப்பு: பொங்கல் போட்டிகள் முடிந்த கையோடு வேலையைத் தொடங்குங்கள். ஆடிக் காற்றுக்கும் ஐப்பசி மழைக்கும் முன்னால் கூரை ஏறிவிடும்.

தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே கணக்கு

இரும்புக் கொட்டகை பாரம் தாங்காமல் விழுவது அரிது. காற்று பிடுங்கித்தான் போகிறது. கூரையைத் தாங்குவதற்குத் தூண் போடுகிறோம் என்று நினைக்காதீர்கள். கூரையைப் பிடித்துவைப்பதற்குப் போடுகிறோம்.

காற்றழுத்தம் பற்றிய இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, பகுதி 3. அதில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், திருச்சிக்கு 47, மதுரைக்கும் கோவைக்கும் 39. 50 மீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 150 கிலோ அழுத்தம் தரும். நம் கூரை சுமார் 25 சதுர மீட்டர். ஆக, மேல்நோக்கி இழுக்கும் விசை 4 டன்னை நெருங்கும். மதுரையில் இதுவே சுமார் 2.4 டன். தகடும் அதைத் தாங்கும் சட்டங்களும் சேர்ந்து அரை டன்கூட வராது.

மிச்சத்தை எட்டுத் தூண்களும் அவற்றின் அடியில் உள்ள கான்கிரீட்டும்தான் பிடித்திருக்க வேண்டும். 2 அடிக்கு 2 அடி, 3 அடி ஆழக் குழியில் 12 கன அடி கான்கிரீட் பிடிக்கும். அதன் எடை 800 கிலோவுக்கு மேல். எட்டுக் குழிகளில் 6 டன் தாண்டும். குழி ஆழத்தைக் குறைத்துச் சிமென்ட் மிச்சம் பிடித்தால் எதை இழக்கிறோம் என்பது இப்போது விளங்கும். கதவு திறந்துகிடந்தால் காற்று உள்ளே புகுந்து கீழிருந்தும் கூரையைத் தள்ளும். அப்போது விசை இதைவிடக் கூடும். 2018 நவம்பரில் கஜா புயல் கடந்த டெல்டா மாவட்டங்களுக்கும் கடலோரத்துக்கும் பொறியாளர் கீழே உள்ளவற்றைவிடத் தடித்த குழாய் கேட்டால் மறுபேச்சுப் பேசாதீர்கள்.

பொருள் பட்டியல்

சதுரக் குழாய் கடையில் 6 மீட்டர் நீளத்தில் வரும். அதாவது 19 அடி 8 அங்குலம். அறையின் அளவை அதற்கேற்பவே அமைத்திருக்கிறோம்.

- தூண்கள்: 80 × 80 × 4 மி.மீ. குழாய் 4. முன் தூண் 10 அடி 9 அங்குலம், பின் தூண் 8 அடி 9 அங்குலம். இரண்டும் சேர்ந்து 19 அடி 6 அங்குலம். ஒரு குழாயில் ஒரு ஜோடி வந்துவிடும். வீணாவது 2 அங்குலம்தான்.
- சாய்வுச் சட்டம்: 100 × 50 × 4 மி.மீ. குழாய் 4. இவற்றில் மிஞ்சும் 7 அடித் துண்டுகளைக் கதவுச் சட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.
- பர்லின் (சாய்வுச் சட்டங்களின் குறுக்கே ஓடிக் கூரைத் தகட்டைத் தாங்கும் சட்டம்): 60 × 40 × 2.5 மி.மீ. குழாய் 5. ஒட்டுப் போடாமல் முழு நீளமும் ஓடும். இரு பக்கமும் 10 அங்குலம் வெளியே நீளும்.
- சுவர்ச் சட்டம், குறுக்குக் கட்டு: அதே 60 × 40 குழாயும் 40 மி.மீ. ஆங்கிளும்.
- கூரைத் தகடு: 0.5 மி.மீ. கலர் கால்வால்யூம் தகடு, 14 அடி நீளத்தில் 6. ஒன்றின் பயன்படும் அகலம் ஏறத்தாழ ஒரு மீட்டர். நடுவில் ஒட்டு இல்லாத ஒரே நீளமாகக் கேட்டு வாங்குங்கள்.
- ஃபவுண்டேஷன் போல்ட்: 16 மி.மீ., 2 அடி நீளம், 32. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நட்டு.
- பேஸ் பிளேட்: 200 × 200 × 12 மி.மீ., 8.
- சிமென்ட்: குழிகளுக்கும் அவற்றின் மேல் கழுத்துக்கும் சுமார் 25 மூட்டை, தரைக்கு சுமார் 16. சுவர் வேலைக்குத் தனி.
- மற்றவை: 12 மி.மீ., 8 மி.மீ. கம்பி, ஜல்லி, எம்-சாண்ட், 6 அங்குல ஹாலோ பிளாக், ரப்பர் வாஷருடன் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ, பிரைமர், எனாமல் பெயின்ட், 250 மைக்ரான் பாலித்தீன் விரிப்பு.

குறிப்பு: குழாய் வாங்கும்போது தடிமனைக் காலிப்பரால் அளந்து, எடையும் போட்டுப் பாருங்கள். 4 மி.மீ. என்று சொல்லி 3 மி.மீ. இறங்குவது உண்டு.

கட்டும் வரிசை

1. மூலைமட்டம் பாருங்கள். முளை அடித்து 18 × 12 அடிச் செவ்வகத்துக்கு நூல் கட்டுங்கள். இரண்டு மூலைவிட்டத்தையும் அளங்கள். இரண்டும் 21 அடி 7 அங்குலம் 5 நூல் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முளையை நகர்த்துங்கள். இங்கே விடும் பிழை கூரைத் தகட்டின் ஓரத்தில் பல்லைக் காட்டும்.

2. குழி எடுங்கள். நீளவாட்டில் 6 அடிக்கு ஒன்றாக முன்னால் 4, பின்னால் 4. அடிமண் இறுகியிருக்க வேண்டும். கரிசல் மண்ணும் புதிதாகக் கொட்டிய மண்ணும் ஆழத்தை மாற்றும்; பொறியாளரைக் கேளுங்கள். தோண்டிய குழிகளை இரவில் பலகையால் மூடுங்கள். மைதானத்தில் குழந்தைகள் ஓடுவார்கள்.

3. போல்ட்டை நிறுத்திக் கான்கிரீட் போடுங்கள். குழிக்குள் 12 மி.மீ. கம்பி 4 நிறுத்தி 8 மி.மீ. வளையம் கட்டுங்கள். குழிக்கு மேல் ஓர் அடிச் சதுரத்தில் ஒன்றரை அடி உயரக் கழுத்து எழும்ப வேண்டும். ஒட்டுப் பலகையில் பேஸ் பிளேட்டின் நான்கு துளைகளையும் அச்சாகப் போட்டு, அதில் போல்ட்டுகளை மாட்டி, நூலுக்கு நேராக வைத்த பிறகே கான்கிரீட். கலவை 1:1½:3. போல்ட்டின் மரையில் கிரீஸ் தடவிச் சாக்குத் துணி சுற்றுங்கள்.

4. காத்திருங்கள். குறைந்தது 7 நாள் ஈரச்சாக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். பி.பி.சி. சிமென்ட் என்றால் 10 நாள். அந்த நாள்களில் கழுத்துகளுக்கு நடுவே அடிச்சுவர் எழுப்பி, உள்ளே மண் நிரப்பித் தண்ணீர் விட்டு இடித்துக்கொள்ளலாம்.

5. தரையிலேயே இரும்பைத் தயார் செய்யுங்கள். வெட்டி, துரு சுரண்டி, இரண்டு கோட் பிரைமர் அடித்துவிடுங்கள். தூணின் மேல்வாயையும் பர்லின் முனைகளையும் தகடு வைத்து அடையுங்கள். திறந்த குழாய்க்குள் தண்ணீர் இறங்கினால் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே தெரியும்போது குழாய் ஓட்டையாகியிருக்கும்.

6. தூண்களை நிறுத்துங்கள். ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு நட்டைக் கீழே விட்டு, பேஸ் பிளேட்டை அதன்மேல் உட்காரவைத்து, மேல் நட்டைப் போடுங்கள். தூக்குக் குண்டு விட்டு இரண்டு பக்கமும் நேர் பார்த்துக் கீழ் நட்டைத் திருப்பினால் தூண் நிமிரும். முதலில் நான்கு மூலைத் தூண், பிறகு நூல் கட்டி நடுத்தூண்கள். கடைசியில் பிளேட்டுக்கு அடியில் கெட்டியான சிமென்ட் கலவையை இடைவெளி இல்லாமல் திணியுங்கள்.

7. சட்டங்களை ஏற்றுங்கள். சாய்வுச் சட்டம் தூணைச் சேரும் இடத்தில் முக்கோணத் தகடு வைத்து வெல்டிங். எல்லாவற்றையும் முதலில் டாக் மட்டும் வைத்து, நேர் பார்த்து, அதன்பிறகே முழு வெல்டிங். பர்லின் 3 அடிக்கு ஒரு வரிசை. பின்சுவரின் இரு கடைசிப் பகுதிகளிலும் பக்கச் சுவர்களிலும் கூரையிலும் பெருக்கல் குறிபோல ஆங்கிள் கட்டுப் போடுங்கள். வெல்டிங் பட்ட இடமெல்லாம் கசடு தட்டி மறுபடி பிரைமர் அடித்து, இரண்டு கோட் எனாமல் பூசுங்கள்.

8. கூரை போடுங்கள். மழைக்காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அதற்கு எதிர் முனையில் தொடங்குங்கள். வடகிழக்குக் காற்று அடிக்கும் ஊரில் மேற்கு முனையிலிருந்து கிழக்கே வரவேண்டும். அப்போது மேல் தகட்டின் ஓரம் காற்றுக்கு முதுகைக் காட்டும். கூரையில் ஸ்க்ரூவைத் தகட்டின் மேட்டில் போடுங்கள், சுவரில் பள்ளத்தில். முதல், கடைசிப் பர்லினில் எல்லா மேட்டிலும், நடுவில் ஒன்றுவிட்டு ஒன்றில். வாஷர் தகட்டோடு படிந்து இலேசாகப் பிதுங்கினால் நிறுத்துங்கள். மேலும் முறுக்கினால் ரப்பர் கிழியும், அங்கேதான் ஒழுகும். முன்னால் ஓர் அடிக்கு மேல் தகட்டை நீட்டாதீர்கள், காற்று பிடித்துக்கொள்ளும்.

9. சுவர் எழுப்புங்கள். அடியில் 3 அடி ஹாலோ பிளாக். மேலே தகடு. தகட்டின் கீழ் ஓரம் பிளாக்குக்கு வெளியே 3 அங்குலம் இறங்கி நிற்கட்டும். அதைப் பிளாக்கின்மேல் உட்காரவைத்தால் வழியும் தண்ணீர் அப்படியே உள்ளே வரும்.

10. கதவும் காற்றுவழியும். முன்பக்க நடுப்பகுதியில் வெளியே திறக்கும் இரட்டைக் கதவு. மேலும் கீழும் தாழ்ப்பாள் வேண்டும். பிளாக் சுவரில் தாழ்வாக நான்கு ஜாலி, கூரைக்கடியில் முன்னும் பின்னும் நீள இடைவெளி. எல்லாவற்றுக்கும் எலி புகாத அரை அங்குல வலை. கீழே குளிர்காற்று வந்து மேலே சூடு போகாவிட்டால் சித்திரை வெயிலில் மேட் நெளிந்துவிடும்.

11. தரை போடுங்கள். கூரை நிழல் வந்தபிறகு தரை போட்டால் வெடிப்பு குறையும். மணல் பரப்பி, பாலித்தீனை விரித்து, 4 அங்குலக் கான்கிரீட். வாசல் பக்கம் அரை அங்குலம் சரிவு. தரைமட்டம் வெளி மண்ணைவிட ஒன்றரை அடி உயரம் இருக்கட்டும்.

12. மின்சாரம். இரண்டு விளக்கு, ஒரு பிளக் போதும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் எர்த்தும் கட்டாயம். முழு அறையும் இரும்பு. ஒரு கம்பியின் உறை உரிந்தால் சுவரைத் தொடுபவர் எல்லோருக்கும் ஆபத்து.

பாதுகாப்பு: விட்டுக்கொடுக்கக் கூடாதவை

- 20 அடிக் குழாயை நிமிர்த்துவதற்கு முன் தலையை உயர்த்திப் பாருங்கள். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியத்திடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே வேலை.
- கூரைமேல் ஏறுபவருக்கு உடல் முழுவதும் மாட்டும் பாதுகாப்பு பெல்ட்டும் கட்டக் கயிறும் வேண்டும். பர்லின் இருக்கும் ஸ்க்ரூ வரிசையில் மட்டும் கால் வையுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர் யாரும் மேலே ஏறக்கூடாது.
- காற்றடிக்கும் நேரத்தில் தகட்டைத் தூக்காதீர்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். 14 அடித் தகடு ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மாலையில் வேலையை நிறுத்தும்போது பாதி மாட்டிய தகட்டை அப்படியே விடாதீர்கள்.
- தகட்டின் ஓரம் கத்திபோல வெட்டும். தோல் கையுறை போடுங்கள்.
- வெல்டிங் நடக்கும்போது வேடிக்கை பார்க்கும் சிறுவர்களை விலக்குங்கள். பக்கத்தில் காய்ந்த புல் இருக்கக் கூடாது. வாளியில் தண்ணீரும் மணலும் இருக்கட்டும். ஜி.ஐ. குழாயை வெல்டு செய்தால் துத்தநாகப் புகை வரும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுத் திறந்த வெளியில் செய்யச் சொல்லுங்கள்.
- சாமான் உள்ளே வந்தபிறகு வெல்டிங் கூடவே கூடாது. மேட் தீப்பிடித்தால் அணைப்பது கடினம்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

தூணை நேராக மண்ணில் புதைப்பது. மண்மட்டத்தில் ஈரமும் காற்றும் சேர்ந்து குழாயை அரிக்கும். பேஸ் பிளேட் தரைக்கு மேலே இருக்கட்டும்.

கட்டிங் வீலால் கலர் தகட்டை வெட்டுவது. பொறி பறந்து பூச்சில் ஒட்டி, அடுத்த மழைக்குள் தவிட்டு நிறப் புள்ளி புள்ளியாகத் துரு கிளம்பும். தகடு வெட்டும் கத்திரியைப் பயன்படுத்துங்கள். துளையிட்ட இரும்புத் தூளை அன்றைக்கே துடைப்பத்தால் கூட்டித் தள்ளுங்கள்.

குறுக்குக் கட்டைத் தவிர்ப்பது. “தூண்தான் கெட்டியா இருக்கே, எதுக்கு?” என்று வெல்டர் கேட்பார். நான்கு பக்கம் உள்ள சட்டம் சாய்ந்து கொடுக்கும். மூலைக்கு மூலை கட்டினால் அசையாது.

சுண்ணாம்பை மூட்டையோடு தகட்டோரம் சாய்ப்பது. ஈரச் சுண்ணாம்பு துத்தநாக, அலுமினியப் பூச்சைத் தின்றுவிடும். மைதானக் கோட்டுக்கான சுண்ணாம்புத் தூளை மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில், தகட்டை விட்டுத் தள்ளி வையுங்கள்.

உள்ளே அடுக்கும் முறை

1. தரையில் நேராக எதையும் வைக்காதீர்கள். மரப் பேலட் போட்டு அதன்மேல் மேட்டைப் படுக்கையாக அடுக்குங்கள். செங்குத்தாகச் சாய்த்தால் வளைந்து, துண்டோடு துண்டு பூட்டாது.
2. நார்ப் பாயை வெயிலில் காயவைத்த பிறகே சுருட்டுங்கள்.
3. இரும்புக் குண்டு, டம்பெல் எல்லாம் கீழ்த்தட்டில். ஆண்கள் குண்டு ஒன்றே 7.26 கிலோ.
4. அலமாரிக்குத் தனிக் கால் வேண்டும். தகட்டில் தொங்கவிட்டால் ஸ்க்ரூ துளை அகன்று ஒழுகும்.
5. புல்வெட்டும் இயந்திரத்துக்கான பெட்ரோலை இந்த அறையில் வைக்காதீர்கள்.
6. இரண்டு சாவி, ஒரு பதிவேடு. எடுத்தவர், திருப்பியவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் வெளியே போகக்கூடாது.

ஒப்படைப்பதற்கு முன் சோதனை

கூரையின் உயர்ந்த ஓரத்திலிருந்து ஹோஸ் குழாயால் பத்து நிமிடம் தண்ணீர் விடுங்கள். உள்ளே விளக்கை அணைத்துவிட்டு ஒருவர் நின்று பார்க்கட்டும். ஒழுகல் மட்டுமல்ல, வெளிச்சம் ஊசிபோல வரும் துளையும் தெரியும். அங்கே சாக்பீஸால் வட்டமிட்டு, ஸ்க்ரூவை மாற்றுங்கள். தடித்த ஸ்க்ரூ போடலாம். சீலன்ட்டை மட்டும் பூசிவிட்டுப் போகக் கூடாது.

ஆண்டுக்கு இருமுறை

ஆனி மாதத்திலும் புரட்டாசியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். ஃபவுண்டேஷன் நட்டுகளை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். வெடித்த வாஷர் உள்ள ஸ்க்ரூவை மாற்றுங்கள். துரு எட்டிப்பார்க்கும் இடத்தைச் சுரண்டிப் பிரைமர் வையுங்கள். கூரைமேல் சேரும் வேப்பஞ்சருகைத் தள்ளிவிடுங்கள். கடலோர ஊரில் இதோடு வெளித் தகட்டை நல்ல தண்ணீரால் கழுவி உப்பை நீக்குவதும் சேரும்.

புயல் எச்சரிக்கை வந்தால்

1. கதவின் மேல், கீழ்த் தாழ்ப்பாள்களைப் போட்டுப் பூட்டுங்கள். காற்று உள்ளே புகாத வரைதான் நாம் போட்ட கணக்கு செல்லும்.
2. மெயின் சுவிட்சை அணையுங்கள்.
3. மைதானத்தில் கிடக்கும் தகட்டுத் துண்டு, கம்பம், பலகை அனைத்தையும் உள்ளே எடுத்துவையுங்கள்.
4. யாரையும் இந்த அறையில் ஒதுங்க விடாதீர்கள். சாமானுக்காகக் கட்டிய அறை இது. ஆள்கள் பள்ளிக் கட்டடத்துக்கோ புயல் பாதுகாப்பு மையத்துக்கோ போகட்டும்.